சங்குத் தேதி கரித் தேதியோடு ஒத்துப்போகவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போன வாரம் நொய்யல் கரையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். எடுத்ததுமே, "அண்ணா, ஒரே குழியிலதானுங்க எடுத்தோம், கரி ஒரு காலம் சொல்லுது, சங்கு வளையல் துண்டு ஐந்நூறு வருஷம் மூத்ததா வந்திருக்குது, ஆய்வகத்துல மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்றான். ஆய்வகம் ஒன்றையும் மாற்றவில்லை. "கண்ணு, அது கடல் வயசு. முதல்ல எந்த வளைகோட்டுல போட்டேன்னு பாரு" என்றேன். வளைகோடு என்றால் ஆய்வகம் தரும் கார்பன் வயதை நாட்காட்டி வருஷமாக மாற்றும் கோடு, அப்படி மாற்றுவதற்குப் பெயர் காலிபரேஷன். அரை மணி நேரத்தில் விஷயம் தீர்ந்தது. ஆனால் இதே கேள்வியை வருஷத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள், எல்லோருக்கும் கோளாறு ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதனால்தான் அறிகுறியை வைத்துத் தேடும்படி எழுதி வைக்கிறேன்.

கடலே இல்லாத கொங்கு நாட்டுக்காரனுக்குச் சிப்பித் தேதியில் என்ன வேலை என்று கேட்கலாம். பழைய காலத்துத் தொழிலூரான கொடுமணலில் சங்கை அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். முடிந்த வளையல் மட்டுமல்ல, அறுத்த கழிவும் கிடைத்திருக்கிறது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் அந்த ஊரிலிருந்து தூத்துக்குடி கடல் நேர்கோட்டில் பார்த்தாலே 250 கி.மீ.க்கு மேல். கடற்கரையில் தோண்டுகிறவருக்குச் சிப்பி எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பது பெரும்பாலும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். நமக்கு அது தெரியாது, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் கடற்கரைக்காரரைவிட நமக்குத்தான் இந்தத் திருத்தத்தில் கவனம் அதிகம் வேண்டும்.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் கீழே உள்ளது எதுவும் உதவாது. தேதி சொல்வது கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரிமம், உயிர் போனபின் அது குறைந்துகொண்டே போகும், எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் ஆய்வகம் வயதைச் சொல்கிறது. அது காற்றில் உண்டாகிறது. மரமும் நெல்லும் அதை நேராகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. கடல் அப்படி இல்லை. ஆழத்தில் பல நூறு வருஷம் காற்றைப் பார்க்காமல் கிடந்த தண்ணீர் மேலே வந்து கலந்துகொண்டே இருப்பதால், கடலின் மேல்மட்டத்திலேயே கார்பன்-14 காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. 5 சதவீதக் குறைவு என்றால் கிட்டத்தட்ட 400 வருஷம். ஆக, அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் கடலில் வளர்ந்த எந்தச் சங்கும் பிறக்கும்போதே ஏறத்தாழ 400 வருஷ மூப்போடு பிறந்தது. இந்தப் பொதுவான மூப்பைக் கடல் வளைகோடு பார்த்துக்கொள்ளும், இப்போது புழக்கத்தில் இருப்பது 2020இல் வந்த மரைன்20. அந்தந்தக் கடல் உலகச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அந்த வித்தியாசத்துக்குப் பெயர் டெல்டா-ஆர். திருத்தம் என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

அறிகுறி: சங்கு, கரியைவிட 400 முதல் 600 வருஷம் மூத்ததாக வருகிறது

பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான். அந்தத் தம்பிக்கும் இதுதான். கரிக்குப் போட்ட அதே இன்ட்கால்20 வளைகோட்டில் சங்கையும் போட்டிருந்தான். இன்ட்கால் நிலத்துக்கானது, காற்றிலிருந்து கரிமம் எடுத்த மரத்துக்கும் விதைக்கும் உரியது.

எண்ணை வைத்துப் பார்ப்போம். கரியின் வயது 2240 வருஷம் (பிழை ±30), சங்கின் வயது 2690 வருஷம் (பிழை ±30) என்று அறிக்கை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நில வளைகோட்டில் போட்டால் கரி ஏறத்தாழ கி.மு. 390க்கும் 200க்கும் நடுவில் வரும், சங்கு கி.மு. 9ஆம் நூற்றாண்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். "கொங்கில் சங்குத் தொழில் 2900 வருஷப் பழமை" என்று செய்தி போட்டுவிட ஆசை வரும். தயவுசெய்து போட வேண்டாம். இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள 450 வருஷம் கடல் கொடுத்தது, நொய்யல் கரையில் ஒரு மனிதன்கூட அந்த 450 வருஷத்தை வாழவில்லை.

சரிசெய்வது எளிது. காலிபரேஷன் செய்யும் மென்பொருள்களில் ஆக்ஸ்கால் வைத்திருந்தால் அந்த மாதிரிக்கு முன்னால் வளைகோட்டை மரைன்20 என்று மாற்றி, அடுத்த வரியில் டெல்டா-ஆர் மதிப்பையும் அதன் பிழையையும் கொடுங்கள். காலிப் வைத்திருந்தால் வளைகோட்டுத் தேர்வில் மரைன்20ஐ எடுத்து, டெல்டா-ஆர் கட்டத்தை நிரப்புங்கள். கரிக்கு இன்ட்கால்20ஐயே வைத்திருங்கள், அவசரத்தில் மொத்தப் பட்டியலையும் கடலுக்கு மாற்றிவிடாதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன்: ஒரு பட்டியலில் இருந்த நெல், கரி, எலும்பு எல்லாம் ஒரே சொடுக்கில் நானூறு வருஷம் இளசாகிவிட்டன.

அறிகுறி: திருத்திய பிறகு சங்கு மிக இளசாகிவிட்டது, கி.பி.க்குள் வந்து விழுகிறது

இரண்டு முறை கழித்திருக்கிறீர்கள். அறிக்கையில் வந்த வயதிலிருந்து கையால் 400ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கடல் வளைகோட்டிலும் போட்டால் இப்படித்தான் ஆகும். 400ஐக் கழித்து நில வளைகோட்டில் போடுவது பழைய நாட்டு வழி. அது முரட்டுக் கணக்கு, பிழையின் அளவைச் சரியாகக் காட்டாது. ஆனால் அதையும் கடல் வளைகோட்டையும் சேர்த்துச் செய்வது தவறே.

கழித்தது நீங்கள் இல்லை என்றால் ஆய்வகமாக இருக்கலாம். சில ஆய்வகங்கள் காலிபரேஷன் செய்த தேதியையும் சேர்த்தே அனுப்புகின்றன, அதில் ஏதோ ஒரு டெல்டா-ஆர் ஏற்கெனவே உள்ளே இருக்கும். எனவே அறிக்கையில் "மரபுவழி ரேடியோகார்பன் வயது" என்று இருக்கும் எண்ணை மட்டும் எடுங்கள், அதற்குப் பிறகு வரும் எதையும் தொடாமல் முதலிலிருந்து நீங்களே போடுங்கள்.

அறிகுறி: திருத்தமே செய்யாமல் சங்கும் கரியும் அழகாக ஒத்துப்போகின்றன

இதுதான் எனக்கு மிகவும் பயமான அறிகுறி, ஏனென்றால் யாரும் இதைக் கோளாறு என்று நினைப்பதில்லை. பொருந்திவிட்டது என்று சந்தோஷமாக அச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

என்ன நடக்கிறது என்றால், செடி காற்றிலிருந்து கரிமம் எடுக்கும்போது கனமான அணுக்களைக் கொஞ்சம் ஒதுக்கிவிடும், சிப்பி அவ்வளவாக ஒதுக்காது. மரத்தின் கார்பன்-13 அளவு ஏறத்தாழ மைனஸ் 25, கடல் சிப்பியினுடையது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், இது ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்ட அளவு, அலகு ஆயிரத்துக்கு இத்தனை. கார்பன்-14இல் இந்த வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும், அதாவது ஆயிரத்துக்கு 50, அதாவது 5 சதவீதம். முன்னே கடல் குறைத்தது எவ்வளவு? அதுவும் 5 சதவீதம். ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. கார்பன்-13 திருத்தம் செய்யாத சங்கு, பார்க்கக் கரி மாதிரியே ஒரு தேதியைக் காட்டும்.

1977இல் ஸ்டூய்வரும் போலாக்கும் எல்லா மாதிரிகளையும் மைனஸ் 25க்குச் சமப்படுத்தித்தான் வயதைச் சொல்ல வேண்டும் என்ற முறையை எழுதி வைத்தார்கள். அதற்கு முந்தைய அறிக்கைகளிலும், அதற்குப் பின்னும் கொஞ்ச காலம் வந்த அறிக்கைகளிலும் இந்தத் திருத்தம் இருக்கும் என்று நம்பக் கூடாது. ஆகவே டிஎஃப், பிஆர்எல், பிஎஸ் என்று தொடங்கும் பழைய இந்திய ஆய்வக எண்களோடு ஒரு சிப்பித் தேதியைப் பார்த்தால், முதலில் கார்பன்-13 பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால், திருத்தாத எண் என்று வைத்துக்கொண்டு ஏறத்தாழ 400 வருஷத்தைக் கூட்டி மரபுவழி வயதாக்குங்கள், பிழையையும் பெரிதாக்குங்கள், அதற்கப்புறம்தான் மரைன்20இல் போட வேண்டும். கூட்டிவிட்டுத் திரும்பக் குறைப்பது வீண்வேலை போலத் தோன்றும். அப்படி இல்லை. கூட்டுவது எல்லாச் சிப்பிக்கும் பொது, குறைப்பது கடலுக்குக் கடல் மாறும், அந்த மாறும் பகுதியில்தான் நம் கேள்வியே இருக்கிறது.

பழைய அறிக்கையைக் கையில் எடுத்தபோதே இன்னும் இரண்டு விஷயம். அரை ஆயுள் 5568 வருஷமா 5730 வருஷமா என்று பாருங்கள், அந்தக் காலத்து இந்திய அறிக்கைகளில் இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். காலிபரேஷனுக்கு 5568 கணக்குதான் வேண்டும். மாற்றி எடுத்தால் 3 சதவீதம் தப்பும், 2500 வருஷத்தில் அது 75. இன்னொன்று, "இன்றைக்கு முன்" என்றால் 1950க்கு முன். நாம் அறிக்கை படிக்கும் வருஷத்திலிருந்து எண்ணக் கூடாது.

அறிகுறி: சரியான வளைகோடு, சரியான கணக்கு, ஆனாலும் 150 வருஷம் இடிக்கிறது

டெல்டா-ஆர் எங்கிருந்து எடுத்தீர்கள்? 2020க்கு முந்தைய கட்டுரையிலிருந்து என்றால் அது மரைன்13க்கோ அதற்கும் முந்தைய வளைகோட்டுக்கோ கணக்கிட்டது. மரைன்20இன் உலகச் சராசரி முந்தையதைவிட ஏறத்தாழ 150 வருஷம் கூடுதல் மூப்பு வைத்துப் போட்டது. அதனால் பழைய டெல்டா-ஆரை அப்படியே கொண்டுவந்து இதில் வைத்தால் அந்த 150 வருஷம் இரண்டு முறை போகும், தேதி இளசாகிவிடும். காலிப் காரர்கள் வைத்திருக்கும் கடல் திருத்தத் தரவுத்தளத்தில் மரைன்20க்கு மறுபடி கணக்கிட்ட மதிப்புகள் இருக்கின்றன, அங்கே மன்னார் வளைகுடா, பாக் நீரிணை பக்கம் வரைபடத்தில் சொடுக்கி எடுங்கள். மதிப்பு மைனஸில் வந்தால் பதற வேண்டாம். மரைன்20இல் பல இடங்களுக்கு அப்படித்தான் வரும்.

நாலைந்து புள்ளிகளை எடுத்துச் சராசரி போடும்போது, எடையிட்ட சராசரியின் பிழையையும், புள்ளிகள் சிதறிக் கிடக்கும் அளவையும் இரண்டையும் பார்த்து, எது பெரிதோ அதைப் பிழையாக வையுங்கள். சிறிய பிழையை வைத்தால் தேதி கூர்மையாக வரும், படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் அந்தக் கூர்மை பொய்.

அறிகுறி: ஒரே குழியில் இரண்டு சிப்பிகள், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், கொங்கு நாட்டுக் குழிகளில் இதுதான் சிக்கலே.

முதல் கேள்வி, இரண்டும் கடலா? மாதிரிப் பையில் "சிப்பி" என்று எழுதிவிட்டால் ஆய்வகத்துக்கு எல்லாம் சிப்பிதான். நம் நொய்யலிலும் அமராவதியிலும் காவிரியிலும் மட்டி உண்டு, பழைய மக்கள் தின்றிருக்கிறார்கள். ஆற்று மட்டி உள்பக்கம் முத்து மாதிரி வானவில் நிறத்தில் மினுங்கும், ஓடு மெல்லியது, உடைத்தால் தகடு தகடாகப் பிரியும். சங்கு அப்படி மினுங்காது. பீங்கான் மாதிரி வெள்ளை, கனம், அறுத்த முகம் வழவழப்பாக இருக்கும். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கை வீட்டில் எடுத்து ஒருமுறை நகத்தால் தட்டிப் பாருங்கள், அந்தக் கெட்டியான சத்தம் உங்கள் கைக்குப் பழகிவிட்டால் குழியில் கிடைக்கும் துண்டையும் அடையாளம் தெரியும். சந்தேகம் இருந்தால் அறிக்கையில் கார்பன்-13ஐப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டியோ சற்று மேலேயோ இருந்தால் கடல், மைனஸ் 8, மைனஸ் 10 என்று இருந்தால் நன்னீர். நன்னீர் மட்டிக்குக் கடல் வளைகோடு பொருந்தாது. அதற்கு வேறு தொல்லை, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து வரும் தண்ணீரில் கார்பன்-14 துளியும் இல்லாத செத்த கரிமம் இருக்கும். 10 சதவீதம் செத்த கரிமம் சேர்ந்தால் 840 வருஷத்துக்கு மேல் மூத்துப்போகும். ஆற்றுக்கு ஆறு மாறும் இதற்குப் பொதுத் திருத்தம் கிடையாது. ஆற்று மட்டியைத் தேதிக்கு அனுப்பாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

இரண்டாவது கேள்வி, எந்தக் கடல்? சங்கு பெரும்பாலும் மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கத்துச் சரக்கு. ஆனால் கொங்கு நாடு ஒரு கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாடு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடல் வியாபாரம் வந்த பாதையில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அரபிக் கடலில் பருவக்காற்றுக் காலத்தில் அடித்தண்ணீர் மேலே பொங்கி வரும், பழைய கரிமத்தையும் சேர்த்துக் கொண்டுவரும், அதனால் அந்தப் பக்கத்துச் சிப்பி வங்கக் கடல் சிப்பியைவிடக் கூடுதல் மூப்பு காட்டும். பல்லாங்குழிக்குப் போடும் சோழி இன்னும் தூரம், மாலத்தீவுப் பக்கத்திலிருந்துகூட வந்திருக்கலாம். ஆகவே ஒரு குழியில் கிடைத்த சங்குத் துண்டுக்கும் சோழிக்கும் ஒரே டெல்டா-ஆர் போடுவது, ஈரோட்டுச் சந்தையில் வாங்கியதெல்லாம் ஈரோட்டிலேயே விளைந்தது என்று சொல்கிற மாதிரி. சிப்பி எந்த இனம் என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். எந்தக் கடல் என்று தீர்மானிக்க முடியாவிட்டால் இரண்டு கடலின் மதிப்பையும் உள்ளடக்கும்படி பிழையை அகலமாக வைத்துப் போடுங்கள், தேதி அகலமாகத்தான் வரும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது, அது என்ன தின்று வளர்ந்தது? தண்ணீரை வடிகட்டி உண்ணும் சிப்பி நல்ல மாதிரி. சேற்றைத் தின்னும் நத்தைகள், பாறையைச் சுரண்டும் ஒட்டுநத்தைகள் பழைய கரிமத்தையும் சேர்த்து விழுங்கும். முகத்துவாரத்துச் சிப்பியில் ஆறும் கடலும் கலந்திருக்கும். சங்கு புழுக்களைப் பிடித்துத் தின்பது, ஆனால் அதன் ஓட்டுக் கரிமத்தில் பெரும்பங்கு சுற்றியுள்ள கடல்நீரில் கரைந்திருப்பதுதான், அந்த வகையில் நமக்கு நல்ல மாதிரி.

அறிகுறி: சங்கு நல்ல சங்குதான், ஆனால் எதிர்பார்த்ததைவிட இளசாகவோ மூப்பாகவோ தாறுமாறாக வருகிறது

சுக்காங்கல்லைச் சந்தேகப்படுங்கள். ஈரோடு, தாராபுரம், காங்கேயம் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், மேல்மண்ணுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உருண்டை கட்டிக் கிடக்கும். மழைத் தண்ணீர் மண்ணிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கி, வறண்டதும் உறைய வைக்கிறது. அதே சுண்ணாம்பு, 2300 வருஷமாக அங்கே புதைந்து கிடக்கும் சங்கின் மேலும் ஒட்டும், நுண்ணிய துளைக்குள்ளும் நுழையும். சங்கும் சுண்ணாம்பு, ஒட்டியதும் சுண்ணாம்பு, எந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே.

எவ்வளவு கெடுக்கும்? 2400 வருஷ வயது காட்ட வேண்டிய துண்டில் 5 சதவீதம் புதிய கரிமம் நுழைந்தால் ஏறத்தாழ 140 வருஷம் இளசாகும். செத்த கரிமம் என்றால் 1 சதவீதமே 80 வருஷம் மூப்பாக்கிவிடும். இரண்டு பக்கமும் இழுக்கும் என்பதால் தேதியை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, துண்டைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். துண்டைத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி, பத்து மடங்கு லென்ஸில் பார்ப்பேன். அறுத்த முகத்தில் சங்கின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும், பாய் பின்னியது மாதிரி இருக்கும். அந்தப் பின்னல் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. மாவு மாதிரி வெளுத்து, நகம் பட்டால் பொடி உதிர்ந்து, பின்னல் மங்கிப் போயிருந்தால் அந்த இடம் வேண்டாம். அப்புறம், சங்கின் ஓடு அரகோனைட் என்ற வகைச் சுண்ணாம்பு. மண்ணில் கரைந்து மறுபடி உறைந்தால் அது கால்சைட்டாக மாறிவிடும். ஃபைகல் கரைசலைத் தொட்டு வைத்தால் அரகோனைட் கறுக்கும், கால்சைட் கறுக்காது. எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக வகையை அறியும் கருவி) வசதி இருக்கும் கல்லூரியில் ஒரு சிட்டிகைப் பொடி கொடுத்தால் இன்னும் உறுதி. (ஆளி என்ற சிப்பி வகையின் ஓடு பிறப்பிலேயே பெரும்பாலும் கால்சைட், அதற்கு இந்தச் சோதனை செல்லாது.) பிறகு மேல்தோலைப் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்ன டிரில்லால் உரித்துவிட்டு, நீர்த்த அமிலத்தில் வெளிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரைத்தெடுக்கச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுங்கள். கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏஎம்எஸ் முறைக்கு அதற்கப்புறம் 10, 20 மில்லிகிராம் மிஞ்சினாலே போதும், சுண்ணாம்பில் 12 சதவீதம் கரிமம் இருக்கிறது.

வளையலின் நடுப்பகுதியைவிடச் சங்கின் உள் தண்டை, அதாவது அறுத்தபின் கழிவாக வீசிய அந்தத் திருகுத் தூணை எடுப்பது நல்லது. அது கெட்டி, தண்ணீர் உள்ளே போவது குறைவு. அதோடு வளையலைப் பாட்டி பேத்திக்குக் கொடுப்பாள், அவள் மகளுக்குக் கொடுப்பாள், புதையுண்ட காலத்துக்கு நூறு வருஷம் முன்னால் செய்ததாக இருக்கலாம். கழிவை யாரும் சேர்த்து வைக்க மாட்டார்கள், பட்டறையில் அறுத்த அன்றைக்கே கீழே விழுந்தது அது.

ஆனால் கழிவிலும் ஒன்றைக் கவனியுங்கள். வெளிப்புறத்தில் ஊசியால் குத்தியது மாதிரித் துளைகளும், புழு ஓடிய கால்வாய்களும் நிறைய இருந்தால், அந்தச் சங்கு செத்தபின் வெகுகாலம் கடலடியில் கிடந்து பிறகு எடுக்கப்பட்டது. கடலடியில் கிடந்த காலமும் உங்கள் தேதியில் சேரும், அதைக் கழிக்க எந்த வளைகோடும் இல்லை. வேறு துண்டு தேடுங்கள்.

அறிகுறி: சுட்ட சிப்பியோ சுண்ணாம்புக் காரையோ கரியோடு நன்றாகப் பொருந்துகிறது, கடல் வளைகோட்டில் போட்டதும் கெட்டுவிடுகிறது

இதில் கடல் வளைகோடு போட்டதுதான் தவறு. என் அப்பாரு வெற்றிலைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வேண்டும் என்பார், கல் சுண்ணாம்பு நாக்கைப் பொத்துவிடும் என்று சொல்வார். கிளிஞ்சலைச் சூளையில் வைத்துச் சுடும்போது அதிலிருந்த பழைய கரிமமெல்லாம் வாயுவாகப் போய்விடுகிறது. நீற்றி, குழைத்து, சுவரில் பூசியதும் அது இறுக வேண்டும் என்றால் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள வேண்டும். ஆக, இறுகிய காரையில் இருப்பது பூசிய காலத்துக் காற்று, கடலுக்கு அதில் பங்கில்லை. நில வளைகோடுதான் சரி. சரியாக வேகாத கிளிஞ்சல் துணுக்கு காரையில் கலந்திருந்தால் மட்டும் கடல் வயசு கொஞ்சம் கலந்து வரும், லென்ஸில் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டு அனுப்புங்கள். அடுப்பில் பாதி வெந்த சங்குத் துண்டு இரண்டும்கெட்டான். அதை விட்டுவிடுவதே மேல்.

அறிகுறி: சொந்தமாக டெல்டா-ஆர் கணக்கிட்டால் மைனஸில் பல நூறு வருகிறது, அல்லது "நவீனத்துக்கும் மேல்" என்று அறிக்கை வருகிறது

ராமேஸ்வரத்தில் போன மாதம் வாங்கிய சங்கை வைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். 1950களிலும் 60களிலும் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரண்டு மடங்கானது, கடலுக்கும் அது இறங்கியது. அதற்குப் பிறகு வளர்ந்த எந்தச் சிப்பியும் இதற்கு உதவாது. அதற்கு முன்னால் உயிரோடு பிடித்து, இடமும் வருஷமும் எழுதி, அருங்காட்சியகத்தில் வைத்த சிப்பிதான் வேண்டும். உயிரோடு பிடித்தது என்பதற்கு, வாயை அடைக்கும் கொம்பு மாதிரியான மூடி கூடவே இருந்தால் நல்ல சாட்சி.

அது கிடைக்காவிட்டால் இன்னொரு வழி, நமக்கு உகந்ததும் அதுதான். ஒரே சமயத்தில் கொட்டி மூடிய ஒரு குழியிலிருந்து சங்குக் கழிவையும், குறுகிய ஆயுள் உள்ள விதையையும் சேர்த்துத் தேதியிடுவது. கரி என்றால் உள்மரம் 200 வருஷம் பழையதாக இருக்கும் ஆபத்து உண்டு. நெல் ஒரு வருஷத்துச் சரக்கு. பழனிப் பக்கம் பொருந்தலில் நான்கு கால் சாடிக்குள் கிடைத்த நெல்லைத் தேதியிட்டு கி.மு. 490 என்று வந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு நெல்லும் ஒரு சங்குக் கழிவும் ஒன்றாகக் கிடைக்கும் குழி கொங்கில் எங்காவது அமைந்தால், அந்தச் சங்கு வந்த கடலின் அந்தக் காலத்து மூப்பையே நாம் அளந்துவிடலாம். எனக்கு அது ஒரு நெடுநாள் ஆசை.

அறிகுறி: கரித் தேதி 300 வருஷ அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது, சங்குத் தேதி ஒழுங்காக இருக்கிறது

சங்கு கெட்டிக்காரத்தனம் செய்யவில்லை. ஏறத்தாழ கி.மு. 750 முதல் 400 வரை நில வளைகோடு சமவெளி மாதிரிப் படுத்துக்கிடக்கும். 2400, 2500 என்று வரும் எந்தக் கரியும் அந்தச் சமவெளி முழுக்க உருளும். தமிழ்நாட்டு இரும்புக்காலத்தின் பின்பகுதியும் சங்க காலத்தின் தொடக்கமும் சரியாக இந்த இடத்தில் விழுவது நம் துரதிர்ஷ்டம். கடல் வளைகோடு ஏற்ற இறக்கத்தை மழுங்கச் செய்துவிடுவதால் அவ்வளவு படுக்காது. அதனால் நல்ல டெல்டா-ஆர் இருந்தால் இந்தக் காலத்துக்குச் சங்கு உண்மையிலேயே உதவும். டெல்டா-ஆரின் பிழை 100 வருஷம் என்றால் அந்த லாபம் முழுக்கப் போய்விடும்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் இடிக்கிறது

குழியைப் பாருங்கள். எலி வளை, பின்னால் தோண்டிய தானியக் குழி, தென்னைக்கு எடுத்த பாத்தி, எது வேண்டுமானாலும் ஒரு சின்ன வளையல் துண்டை அரை மீட்டர் கீழே இறக்கிவிடும். வரைபடத்தில் சங்கு இருந்த இடத்தையும் கரி இருந்த இடத்தையும் மறுபடி புள்ளி வையுங்கள். இடிக்கும் தேதியைச் சராசரியில் கரைத்து மறைக்க வேண்டாம், அப்படியே வெளியிடுங்கள். கூடவே ஆய்வக எண், மரபுவழி வயது, கார்பன்-13, சிப்பியின் இனம், எந்தப் பாகம் என்பது, வளைகோட்டின் பெயர், டெல்டா-ஆர் மதிப்பும் அது எங்கிருந்து எடுத்தது என்பதும், 95.4 சதவீத அடைப்பு (உண்மைத் தேதி உள்ளே இருக்க அவ்வளவு வாய்ப்புள்ள கால இடைவெளி) எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். மரைன்20க்குப் பதில் நாளை இன்னொரு வளைகோடு வரும்போது, இந்த எண்கள் இருந்தால் யாரும் பத்து நிமிஷத்தில் மறுபடி போட்டுவிடலாம். காலிபரேஷன் செய்த தேதி மட்டும் இருந்தால் எதுவும் செய்ய முடியாது.

அந்தத் தம்பியின் சங்கு, வளைகோட்டை மாற்றியதும் அகலமான அடைப்பாக, கரியின் காலத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு வந்தது. அதே குழியிலிருந்து அவன் அனுப்பியிருந்த இரண்டாவது துண்டின் கார்பன்-13 மைனஸ் 9 என்று இருந்தது. படம் அனுப்பச் சொன்னேன். உள்பக்கம் மினுங்கியது, ஆற்று மட்டி. அதை அட்டவணையிலிருந்து எடுக்காமல் "நன்னீர், திருத்தவில்லை" என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன், சங்கின் மீதித் துண்டைக் கழுவாமல் தனிப்பையில் போட்டுக் குழி எண்ணோடு வைத்திருக்கிறான்.